மங்கலான ஒளியும் நம் மொட்டை மாடி விளக்கும்

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, கார் நிறுத்தும் இடம் என்று தரையில் உள்ள விஷயங்களையே பேசும் இந்தக் கூட்டத்தில், அரை மணி நேரம் வானத்தைப் பற்றிப் பேச இடம் கொடுத்த செயற்குழுவுக்கு நன்றி. கவலைப்பட வேண்டாம், கடைசியில் நானும் தரைக்குத்தான் வரப்போகிறேன். அடுத்த பொதுக்குழுவில் மொட்டை மாடியில் ஃப்ளட் லைட் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இருக்கிறோம். நான் சொல்லப்போகும் விஷயத்துக்கும் அதற்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

வெள்ளானூரில் வீடு வாங்கியதில் யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே, நேர்கோட்டில் அளந்தால் 70 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்ததும் நாம் எல்லோரும் மாடிக்கு ஓடுகிறோம். மேகம் இல்லாவிட்டால் அந்தத் தீப்பொறி மேலே ஏறுவதைப் பார்க்கிறோம், கைதட்டுகிறோம், இறங்கி வந்துவிடுகிறோம். அந்த ராக்கெட் மேலே கொண்டுபோன பொருள் அதன் பிறகு என்ன செய்கிறது என்று நம்மில் பலர் கேட்பதில்லை. இன்று அப்படி மேலே போன ஒரே ஒரு பொருளின் கதையைச் சொல்கிறேன்.

2015 செப்டம்பர் 28, திங்கட்கிழமை காலை 10 மணி. பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் கிளம்பியது. அதில் இருந்தது ஆஸ்ட்ரோசாட். வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்வெளி ஆய்வகம் அது. எடை சுமார் 1,500 கிலோ. 650 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய 98 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஐந்து வருடம் வேலை செய்தால் போதும் என்று திட்டமிட்டார்கள். கடந்த செப்டம்பரோடு பத்து வருடம் முடித்துவிட்டது.

ஏன் மேலே போக வேண்டும்?

முதலில் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. தொலைநோக்கியைத் தரையிலேயே வைக்கக் கூடாதா?

உங்கள் சமையலறையில் இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பானில் யூ.வி. விளக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்தப் புற ஊதா ஒளியின் அலைநீளம் 254 நானோமீட்டர். அது கிருமியைக் கொல்கிறது. அதே வகை ஒளி சூரியனிலிருந்தும் வருகிறது. அது முழுவதும் நம் மேல் விழுந்தால் நாம் உயிரோடு இருக்க முடியாது. ஓசோன் படலம் அதைத் தடுத்து நிறுத்துகிறது. நமக்கு அது பெரிய நன்மை. வானியலாளருக்கு அது மூடிய ஜன்னல். மிகச் சூடான நட்சத்திரங்கள் தங்கள் ஒளியில் பெரும்பகுதியைப் புற ஊதாவாகத்தான் கொட்டுகின்றன. அந்த ஒளி கோடிக்கணக்கான வருடம் பயணம் செய்து வந்து, நம் வீட்டு வாசலில், காற்று மண்டலத்தில் அழிந்துபோகிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் காற்றுக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

எக்ஸ் கதிருக்கும் இதே கதைதான். அதைப் பார்க்க நாசா 1999 ஜூலையில் அனுப்பிய தொலைநோக்கிக்குப் பெயர் சந்திரா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் எப்படி அடங்குகிறது என்று 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆஸ்ட்ரோசாட்டில் ஐந்து கருவிகள் இருக்கின்றன. நான்கு எக்ஸ் கதிருக்கு. ஐந்தாவதின் பெயர் யூவிட். அது புற ஊதாத் தொலைநோக்கி. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உள்ள தன் வளாகத்தில், தூசி நுழையாத அறைகளில் வைத்து அதை உருவாக்கியது. அதன் கண்ணாடியின் விட்டம் எவ்வளவு தெரியுமா? சுமார் 38 செ.மீ. நம் வீட்டு தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரே பார்வையில் முழு நிலா அளவு வானத்தைப் படம் பிடிக்கும். கூர்மையைச் சொல்வதென்றால், மூன்றரை கி.மீ. தள்ளி வைத்த பத்து ரூபாய் நாணயம் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அந்த அளவு இடைவெளியில் உள்ள இரண்டு நட்சத்திரங்களைத் தனித்தனியாகக் காட்டும்.

ஏவிய பிறகு இரண்டு மாதம் யூவிட்டின் மூடியைத் திறக்கவே இல்லை. புது வீட்டுக்குக் குடிபோனால் பெயின்ட் வாசனை கொஞ்ச நாள் இருக்கும் அல்லவா? செயற்கைக்கோளின் பாகங்களிலிருந்தும் அப்படி ஆவிகள் வெளியேறிக்கொண்டிருக்கும். அவை கண்ணாடியில் படிந்தால் புற ஊதா ஒளிக்குக் கண்ணாடி குருடாகிவிடும். அதனால் காத்திருந்து, 2015 நவம்பர் இறுதியில் திறந்தார்கள்.

வயது குறைந்த நட்சத்திரம்

திறந்ததும் முதலில் பார்த்தது என்.ஜி.சி. 188 என்ற நட்சத்திரக் கூட்டம். கூட்டம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். இப்போது இரவு எட்டு மணிக்கு மாடியில் நின்று மேலே பார்த்தால் கார்த்திகை மீன்கள் தெரியும். அறுமீன் என்று நம் முன்னோர் சொன்னது. அவை ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்கள். என்.ஜி.சி. 188-உம் அப்படித்தான். ஆனால் அது சுமார் 6,000 ஒளியாண்டு தூரத்தில், வடதுருவ நட்சத்திரத்துக்கு அருகே இருக்கிறது. வயது ஏறக்குறைய 700 கோடி வருடம். நம் சூரியனைவிட மூத்தது.

இதில் ஒரு புதிர் இருந்தது. ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்களில், எடை அதிகமானவை நீல நிறத்தில் வேகமாக எரிந்து சீக்கிரம் முடிந்துவிடும். எடை குறைந்தவை நிதானமாக எரிந்து நீண்ட நாள் இருக்கும். 700 கோடி வருடம் ஆன கூட்டத்தில் எடை கூடிய, நீலம் கூடிய நட்சத்திரங்கள் மிச்சமிருக்கக் கூடாது. ஆனால் சில இருக்கின்றன. பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் அறுபது வயதில் ஒன்றுகூடும்போது, ஒருவர் மட்டும் இருபத்தைந்து வயதுத் தோற்றத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். 'இவர் என்ன சாப்பிடுகிறார்?' என்று கேட்போமல்லவா? வானியலாளர்களும் அதையேதான் கேட்டார்கள். விடை: பக்கத்தில் இருப்பவரின் சாப்பாட்டை.

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றும்போது, ஒன்று மற்றதன் பொருளை இழுத்துக்கொண்டு எடை கூடி, இளமை திரும்பியதுபோல் எரியும் என்பது ஒரு கருத்து. அதற்குச் சாட்சி வேண்டும். பறிகொடுத்த நட்சத்திரத்தின் மிச்சம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாதாரண ஒளியில் பார்த்தால் இளமையான நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அந்த மிச்சம் தெரியாது. ஆனால் மேல் உறையை இழந்து நிற்கும் அந்த உள்பகுதி பயங்கரச் சூடாக இருக்கும். புற ஊதாவில் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

யூவிட் படத்தில் அது தெரிந்தது. அன்னபூரணி சுப்பிரமணியம் தலைமையிலான குழு 2016-இல் இதை வெளியிட்டது. இளமையான நட்சத்திரத்தின் வெப்பநிலை சுமார் 6,000 டிகிரி. அதன் துணையின் வெப்பநிலை சுமார் 17,000 டிகிரி. இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியாகத்தான் தெரிகின்றன. எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்து, உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு வேறு பல நட்சத்திரக் கூட்டங்களிலும் யூவிட் இப்படிப்பட்ட ஜோடிகளைக் காட்டியது. அன்னபூரணி அவர்கள் பின்னர் அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஆனார்.

ஹப்பிளுக்குத் தெரியாதது

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். பிரபஞ்சம் பிறந்து சுமார் 1,380 கோடி வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நட்சத்திரமே இல்லாத ஒரு காலம் இருந்தது. எங்கும் ஹைட்ரஜன் வாயு மூட்டம்போல் நிறைந்திருந்தது. பிறகு முதல் நட்சத்திரங்களும் விண்மீன் மண்டலங்களும் பிறந்தன. அவற்றின் கடுமையான புற ஊதா ஒளி அந்த ஹைட்ரஜன் அணுக்களை உடைத்து, மூட்டத்தை விலக்கியது. போகி அன்று காலை ஊரே புகையில் இருந்து, வெயில் ஏற ஏறத் தெளிவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெயில் எப்படிப்பட்ட மண்டலங்களிலிருந்து கசிந்தது என்பதுதான் கேள்வி.

பூனாவில் உள்ள அயூகா நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையில் ஒரு சர்வதேசக் குழு, 2016 அக்டோபரில் ஆஸ்ட்ரோசாட்டை வானத்தின் ஒரு மூலைக்குத் திருப்பியது. ஹப்பிள் தொலைநோக்கி ஏற்கெனவே மிக ஆழமாகப் படம் எடுத்த இடம் அது. மொத்தம் 28 மணி நேரத்துக்கு மேல் யூவிட் அந்த இடத்தையே பார்த்தது. 930 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு மண்டலத்திலிருந்து அந்தக் கடுமையான புற ஊதா ஒளி கசிந்து வருவது பதிவானது. உடனே அறிவித்துவிடவில்லை. இது உண்மைதானா, பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியா, கருவியின் கோளாறா என்று ஏறக்குறைய இரண்டு வருடம் சரிபார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளிவந்தது.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். யூவிட்டின் கண்ணாடி 38 செ.மீ. பரப்பளவில் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு வித்தியாசம். பெரியதுக்குத் தெரியாதது சின்னதுக்கு எப்படித் தெரிந்தது?

குழுவினர் சொன்ன காரணம் எளிமையானது. ஹப்பிளின் கருவியில் பின்னணி இரைச்சல் அதிகம். யூவிட்டில் மிகக் குறைவு. யூவிட்டின் உணர்கருவி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணக்கூடியது, அதன் பின்னணி அவ்வளவு இருட்டு. செங்குன்றம் சாலையில் லாரி போகும்போது யாராவது உங்கள் காதில் ரகசியம் சொன்னால் கேட்காது. அதே ரகசியம் அதிகாலை மூன்று மணிக்கு, மின்விசிறியும் நின்ற அறையில் சொன்னால் அடுத்த அறைக்கே கேட்கும். சொன்னவர் சத்தத்தைக் கூட்டவில்லை. சுற்றிலும் அமைதி, அவ்வளவுதான்.

மங்கலான ஒளியைப் பார்க்கப் பெரிய கண் மட்டும் போதாது. நல்ல இருட்டு வேண்டும். இன்றைய உரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காவலூரும் நம் மாடியும்

இது விண்வெளிக்கு மட்டும் உரிய விதி இல்லை. இங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 200 கி.மீ. போனால், திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1960-களில் வைணு பாப்பு என்ற வானியலாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அங்கிருந்த இருட்டு. 1968-இல் அங்கே வைத்த முதல் தொலைநோக்கி எத்தனை செ.மீ. தெரியுமா? அதுவும் 38 தான். பிறகு வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றைப் பதிவு செய்தது. 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. இன்று அந்த ஆய்வகத்தின் பெயரே வைணு பாப்பு வானாய்வகம்.

லடாக்கில் ஹான்லே என்ற ஊரைச் சுற்றி 2022 டிசம்பரில் இருட்டு வான் காப்பகம் அறிவித்தார்கள். புலிக்குக் காப்பகம் இருப்பதுபோல் இருட்டுக்குக் காப்பகம். அங்குள்ள கிராம மக்கள் விளக்குக்கு மூடி போடுகிறார்கள், ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள். வருகிற பயணிகளுக்கு வானம் காட்டுவது அவர்களில் சிலருக்கு இப்போது வருமானமும் ஆகியிருக்கிறது.

நாம் ஹான்லே ஆகிவிட முடியாது. ஆவடியின் வெளிச்சம், வெளிவட்டச் சாலையின் உயர்கம்ப விளக்குகள் எல்லாம் நம் கையில் இல்லை. நம் மாடி விளக்கைத் திருப்பி வைத்தால் நாளைக்கே பால்வீதி தெரிந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கார்த்திகையில் ஆறு மீனும் தெரிவதா, மூன்றோடு நின்றுவிடுவதா என்பது ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது. கண்ணுக்கு நேரே ஒரு விளக்கு அடித்தால் அந்த மூன்றும் போய்விடும்.

பாதுகாப்பு வேண்டும் என்பவர்களின் கவலை நியாயமானது. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வரும் பெண்களுக்கு, படியில் தடுமாறும் பெரியவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். நான் கேட்பது விளக்கே வேண்டாம் என்று இல்லை. வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்தில் விழ வேண்டாம் என்று கேட்கிறேன். கண் கூசும் விளக்குக்குப் பின்னால் நிழலில் ஒருவர் நின்றால் நம் செக்யூரிட்டிக்கே தெரியாது. ஆகவே என் கோரிக்கை நான்கு.

முதலாவது, எந்த விளக்கானாலும் கீழ்நோக்கித் திருப்பி, மேலே மூடி போட வேண்டும். இரண்டாவது, வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில் மஞ்சள் நிற எல்.இ.டி. வாங்கலாம். பெட்டியில் 3000 கே அல்லது அதற்குக் குறைவாக என்று போட்டிருக்கும். மூன்றாவது, மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் சென்சார் போடலாம், பொது மின்கட்டணமும் குறையும். நான்காவது, மாதம் ஒரு முறை, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் மாடி விளக்குகளை மட்டும் அணைத்துவிட்டு, பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்காரலாம்.

கேள்வி நேரத்தில் வந்தவை

பி பிளாக்கில் ஒன்பதாவது படிக்கும் தம்பி கேட்டது: "அங்கிள், இதெல்லாம் பார்க்கணும்னா விஞ்ஞானியா இருந்தாதான் முடியுமா?"

இல்லை, கண்ணா. ஆஸ்ட்ரோசாட் எடுக்கும் தரவுகளை, அதைக் கேட்டு வாங்கிய ஆராய்ச்சியாளருக்குக் கொஞ்ச காலம் ஒதுக்கிவிட்டு, பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் தரவுகளும் அப்படியே. அண்மையில் பூனாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேக்கரும், ஜேம்ஸ் வெப் தரவிலிருந்து மிகப் பழைய சுருள் வடிவ மண்டலம் ஒன்றைக் கண்டுபிடித்து 'அலக்நந்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயது இருந்தபோதே அது முழு வடிவத்தோடு இருந்திருக்கிறது. நீ இப்போது கேலக்ஸி ஸூ என்ற இணையத் திட்டத்தில் தொடங்கலாம். மண்டலங்களின் படத்தைப் பார்த்து வடிவம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூடவே பைத்தான் கற்றுக்கொள், கணக்கை விட்டுவிடாதே.

சி பிளாக் மாமி கேட்டது: "திருவாதிரை வருதே, அந்த நட்சத்திரத்தை இங்கேயிருந்து பார்க்க முடியுமா?"

தாராளமாக, மாமி. இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்கு இடப்பக்கம், செம்மஞ்சள் நிறத்தில் மின்னுவதுதான் திருவாதிரை. மேலே கொஞ்சம் தள்ளிச் சிவப்பாக இருப்பது ரோகிணி. அதற்கும் மேலே கார்த்திகை. அதில் எத்தனை மீன் எண்ண முடிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லி, குரூப்பில் போடச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது ஒரு முறை, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை. அந்த இரண்டு எண்களையும் பொதுக்குழுவுக்குக் கொண்டு வருவோம். பிறகு கை தூக்கி முடிவு செய்வோம்.